துடைப்பம் பிடித்த ஆக்ஸ்ஃபர்ட் பட்டதாரி

பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகன், இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். "அக்கா, இதைப் பாருங்க."

ஒரு நிமிடக் காணொளி. அமெரிக்க இராணுவ அதிகாரி ஒருவர் வேலையை உதறிவிட்டுப் பாட்டெழுதப் போகிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு போய்ப் பிரபலப் பாடகர் ஜானி கேஷின் வீட்டுப் புல்தரையில் இறக்குகிறார். ஒரு கையில் பீர், மறு கையில் பாட்டு பதிந்த ஒலிநாடா. கேஷ் அசந்து போகிறார். அடுத்த காட்சியில் நம் ஆள் மேடையில் நிற்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

தம்பி படிவம் 5. இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறான். கித்தார் நன்றாகவே வாசிப்பான். "பாத்தீங்களா? அவரு இராணுவ வேலையையே விட்டுட்டாரு. நான் மேல படிக்கலன்னு சொன்னா மட்டும் ஏன் எல்லாரும் கத்துறாங்க?" என்றான். சித்தி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கண்ட்ரி இசை என்றால் தாத்தாவின் காரில் ஓயாமல் ஓடிய ஜிம் ரீவ்ஸ் கேசட்தான் எனக்கு நினைவுக்கு வரும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டுப்புற இசையில் இருந்து வளர்ந்த பாணி அது என்பதோடு என் அறிவு முடிந்தது. தம்பி தூங்கப் போன பிறகு, அந்த ஹெலிகாப்டர்காரரைத் தேட ஆரம்பித்தேன்.

அவர் பெயர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன். 1936இல் டெக்சஸில் பிறந்தவர், விமானப்படை ஜெனரல் ஒருவரின் மகன். கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் இலக்கியம் படித்தார். குத்துச்சண்டை, ரக்பி, அமெரிக்கக் காற்பந்து என்று விளையாட்டிலும் விடவில்லை. உலகமே பெரிதாக மதிக்கும் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபர்டின் மெர்டன் கல்லூரிக்குப் போனார். பிறகு இராணுவம், கேப்டன் பதவி, ஹெலிகாப்டர் விமானி. 1965இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பணி அவருக்காகக் காத்திருந்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு, கண்ட்ரி இசையின் தலைநகரமான நேஷ்விலுக்குப் போனார்.

அதுவரை காணொளி சொன்னது சரிதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அது அரை நொடியில் தாண்டிவிட்டது.

குடும்பம் கொதித்தது. தாயார் உறவையே முறித்துக் கடிதம் எழுதினார். நேஷ்விலில் அவருக்குக் கிடைத்தது கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை. தரையைக் கூட்டுவார், சிகரெட் சாம்பல் கிண்ணங்களைக் காலி செய்வார். 1966இல் பாப் டிலன் அதே கூடத்துக்கு வந்து தம்முடைய 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து இலக்கிய நோபல் பரிசு வாங்கப்போகிறவர் பியானோ முன் உட்கார்ந்து எழுதுகிறார். ஆக்ஸ்ஃபர்டில் இலக்கியம் படித்தவர் துடைப்பத்தோடு அதே கட்டடத்தில் நடமாடுகிறார். வேலை போய்விடுமோ என்று பயந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். காணொளி எடுத்தவர் இந்தக் காட்சியை எப்படி விட்டார் என்று இன்னும் புரியவில்லை.

துப்புரவுச் சம்பளம் போதவில்லை. மகனின் மருத்துவச் செலவு வேறு கழுத்தை நெரித்தது. லூசியானாவுக்குப் போய், மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஹெலிகாப்டர் ஓட்டினார். சில நாள் அங்கே, சில நாள் நேஷ்விலில் என்று அலைச்சல். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சில பாடல்களை எழுதியது அந்தக் காலத்தில்தான். அதாவது, அவர் உதறிவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் அதே விமானிப் பயிற்சிதான் அவருக்குச் சோறு போட்டது.

சரி, அந்தப் புல்தரை? ஹெலிகாப்டர் இறங்கியது உண்மை. பாட்டைக் கேஷிடம் சேர்க்க அவர் அதற்கு முன்பே பல வழிகளில் முயன்றிருந்தார். கேஷின் மனைவி ஜூன் கார்ட்டரிடம் ஒலிநாடாக்களைக் கொடுத்தனுப்பினார். அவற்றை வீட்டுப் பக்கத்து ஏரியில் வீசியதாகக் கேஷே சொல்லியிருக்கிறார். கடைசியில்தான் ஹெலிகாப்டர். கையில் பீரோடு அவர் இறங்கி வந்தார் என்று பரப்பியதும் கேஷ்தான். கிறிஸ்டோஃபர்சன் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே இதைத் திருத்தினார்: ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும், பீருக்கு ஏது கை? போதாததற்கு அன்று கேஷ் வீட்டிலேயே இல்லையாம்! கொண்டுபோன பாட்டையும் கடைசிவரை யாரும் பதிவு செய்யவில்லை. ஆனாலும் கேஷின் கற்பனையை மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. 1969இல் அவரை நியூபோர்ட் இசை விழா மேடைக்கு அழைத்துச் சென்றவர் கேஷ்தானே.

1970இல் 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' என்ற அவருடைய பாடலைக் கேஷ் பாடினார். கண்ட்ரி இசைச் சங்கம் அதை அந்த ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. இராணுவத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024 செப்டம்பரில், 88 வயதில் அவர் காலமானார்.

ஒருவர் கதையைத் தேடப் போனால் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். சார்லி பிரைட் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினத்தவர். முதலில் பேஸ்பால் வீரர். ஒரு குழு அவரையும் இன்னொருவரையும் மற்றொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வாங்கியது என்ன தெரியுமா? ஒரு பழைய பேருந்து! பிறகு மொன்டானா மாநிலத்தில் உலோகம் உருக்கும் ஆலையில் தொழிலாளி. ஆலைக் குழுவுக்காக விளையாடுவார். ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் பாடினால் கூடுதலாக 10 டாலர் கொடுத்தார்கள். 1966இல் முதல் இசைத்தட்டு வந்தபோது, வெள்ளையர் கோலோச்சிய அந்தத் துறையில் நிறம் தடையாகிவிடும் என்று அவருடைய படம் இல்லாமலேயே வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 1971இல் கண்ட்ரி இசைச் சங்கத்தின் மிகப் பெரிய விருது அவருக்குக் கிடைத்தது.

தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் குறித்து வைத்தது டாலி பார்ட்டனின் கதையை. டென்னசி மலைப்பகுதியில் 12 பிள்ளைகள் கொண்ட வீடு. அவர் பிறந்தபோது மருத்துவருக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டது ஒரு மூட்டைச் சோளமாவு. சிறு வயதிலேயே உள்ளூர் வானொலியில் பாடினார். 13 வயதில் நேஷ்விலின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையையும் ஏறிவிட்டார். அப்போதே பள்ளியை விட்டிருக்கலாம், விடவில்லை. 1964இல் உயர்நிலைப்பள்ளியை முடித்தார், அந்தக் குடும்பத்தில் அப்படி முடித்த முதல் ஆள். பட்டமளிப்பு நாளில், நேஷ்விலுக்குப் போய் நட்சத்திரமாகப் போகிறேன் என்று அவர் சொன்னதும் மண்டபமே சிரித்ததாம். மறுநாள் காலை பேருந்து ஏறிவிட்டார்.

அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்திசாலி மனிதர், ஆனால் அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்தது என்று மகள் சொல்லியிருக்கிறார். 1995இல் டாலி சொந்த ஊரான செவியர் வட்டாரத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். குழந்தை பிறந்ததில் இருந்து 5 வயதுவரை மாதம் ஒரு புத்தகம் அஞ்சலில் வீடு தேடி வரும், காசு வேண்டாம். இப்போது ஐந்து நாடுகளில் 20 கோடிக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் தம் மகளைப் 'புத்தக அம்மா' என்று அழைப்பதைக் கேட்கும்வரை அந்த அப்பா உயிரோடு இருந்தார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமையாம்.

இன்னொன்றும் செய்தார். அந்த வட்டாரத்தில் 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயர்நிலைப்பள்ளியைப் பாதியில் விட்ட காலம். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். இருவரும் பள்ளியை முடித்தால் ஆளுக்கு 500 டாலர், ஒருவர் விட்டாலும் இருவருக்கும் இல்லை. அந்த வகுப்புகளில் பாதியில் விட்டவர்கள் 6 விழுக்காடாகக் குறைந்தார்கள். தோழன் பள்ளிக்கு வராவிட்டால் வீட்டுக்கே போய் இழுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைப் பசியாறும்போது இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். டாலியின் கதைக்குத் தலையாட்டினான், பேருந்துக்கு விற்கப்பட்ட கதைக்குச் சிரித்தான். கிறிஸ்டோஃபர்சனிடம் வந்ததும் முகம் மாறியது.

"அஞ்சு வருசமா?"

"அஞ்சு வருசம். அதுல கூட்டுறதும் உண்டு, ஹெலிகாப்டர் ஓட்டுறதும் உண்டு."

ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் முக்கியபடி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "ஹெலிகாப்டர் ஓட்டணும்னா எஸ்பிஎம்-ல எந்தப் பாடம் நல்லா செய்யணும் அக்கா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.