பூட்டுடைக்காத கொள்ளை

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் முதல் மூலதனம் அங்கத்தினர்களின் நாணயம் என்பதை யாவரும் அறிவோம். அந்த நாணயத்தையே குறிவைக்கும் புதுவகைக் கொள்ளை இந்நாளில் பெருகி வருகிறது. கன்னக்கோலும் கள்ளச்சாவியும் இதற்குத் தேவையில்லை. ஹேக்கர்கள் எனப்படும் கணினி ஊடுருவிகள், கண்காணாத தேசத்திலிருந்தே பணத்தைக் கவர்ந்து செல்கின்றனர்.

‘ஹேக்கர்’ என்னும் சொல் ஆதியில் இழிவுப் பொருள் உடையதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள், 1950களின் இறுதியில், இயந்திரங்களின் உட்கூறுகளைத் துருவி ஆராய்ந்து அவற்றைப் புது வழியில் இயக்கிக் காட்டியவரை அப்பெயரால் பாராட்டினர். அறிவார்வமே அவர்களைத் தூண்டிற்று. இன்றும் உரியவரின் அனுமதியுடன் கணினிகளின் குறைகளைக் கண்டறிந்து கூறும் நல்ல ஹேக்கர்கள் பலர் உளர். எனினும் இவ்வித்தையில் பேராசை புகுந்தபின், அது பெருங்குற்றத்திற்குக் கருவியாயிற்று.

நமது மாநிலத்திலேயே நிகழ்ந்த சம்பவம் ஒன்றைக் காண்போம். 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினி அமைப்பினுள் புகுந்தோர், துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்கு மூன்று போலிப் பணவிடைகளை அனுப்பினர். மொத்தத் தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். வங்கி ஊழியர்கள் வழக்கம்போல் கணக்குகளை ஒத்துப்பார்த்ததால் மோசடி வெளிப்பட்டது. துபாய்க்குச் சென்ற தொகை தடுத்து நிறுத்தப்பட்டது. அன்றாடக் கணக்குச் சரிபார்ப்பின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

அதே ஆண்டு ஆகஸ்டில், 1906ஆம் ஆண்டில் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏ.டி.எம். இயந்திரங்களின் கோரிக்கை வங்கியின் கணக்கேட்டைச் சேராதவாறு இடைமறித்து, ‘பணம் கொடுக்கலாம்’ என்று தாமே விடையளிக்கும்படி ஹேக்கர்கள் செய்துவிட்டனர். போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. இரண்டு நாள் நடவடிக்கைகளில் இழந்த தொகை ரூ. 94 கோடிக்கு மேல். வைப்பாளர்களின் கணக்குகளில் தொகை குறையவில்லை. நஷ்டம் வங்கியையே சார்ந்தது. ஆயினும் கூட்டுறவு வங்கியின் நஷ்டம் அங்கத்தினரின் நஷ்டமன்றோ?

இங்கே நாம் கருதவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. திட்டம் தீட்டியோர் எங்கோ இருந்தனர். கோலாப்பூர் முதலிய ஊர்களில் இயந்திரத்தின் முன் நின்று பணத்தை எடுத்துக் கொடுத்தவர்களோ நம் நாட்டவர். இவ்வழக்கில் 2023இல் 11 பேர் தண்டிக்கப்பட்டனர். உள்ளூர்க் கை இல்லாமல் வெளியூர்க் கள்வனின் எண்ணம் ஈடேறுவதில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திற்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்குகின்றன. தொழிற்பேட்டைகளை நாடிப் பல மாநிலத்தவர் வருகின்றனர். அத்திப்பள்ளியைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்வோரும் பலர். பட்டுக்கூடும் மாங்காயும் ரோஜாவும் விற்ற தொகையும், நெசவுக் கூலியும் வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றன. இத்தகைய இடத்தில், “உங்கள் கணக்கைச் சில நாள் தாருங்கள், கமிஷன் தருகிறோம்” என்று இனிய மொழியில் எவரேனும் அணுகக்கூடும். பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் இவ்விதம் இரவல் கொடுப்பவர், திருட்டுப் பணம் கடந்து செல்லும் வாய்க்காலாகிறார். போலீசார் முதலில் நாடி வருவதும் அவர் வீட்டையே.

ஆகவே அங்கத்தினர்கள் சிலவற்றை உறுதியாகக் கைக்கொள்ளல் வேண்டும். கணக்கை எவருக்கும் வாடகைக்கு விடலாகாது. ஓ.டி.பி. எண்ணையும் இரகசிய எண்ணையும் வங்கி அதிகாரி என்று சொல்பவரிடமும் கூறலாகாது. வீட்டு இளைஞர்களுக்கும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். பணம் பறிபோனால், வெட்கத்தால் மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் நலம். தாமதமின்றிக் கூறினால், தொகை கைமாறுமுன் நிறுத்தப்பட வாய்ப்புண்டு. சங்கக் காரியதரிசிகள் நாள்தோறும் கணக்கை ஒத்துப்பார்ப்பதில் ஒருநாளும் தவறலாகாது.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்திப் பிணைக்கிறார். கவனியாது விட்டால் துணி முழுவதும் பழுதாகும். சங்கத்தின் பொதுப்பணத்தையும் அவ்வாறே விழிப்புடன் காத்தல் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.