நண்டின் மடியில் பொய்ச்சினை

மாமரத்தில் புல்லுருவி படர்ந்தால் மரம் காய்ப்புக் குன்றுமென்பது குடியானவர் அறிந்த விஷயம். அவ்விதமே நண்டினுள் வேரோடி, அதை மலடாக்கி, அதன் சுபாவத்தையே மாற்றிவிடும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. சாக்குலினா என்பது அதன் பெயர். லத்தீன் பாஷையில் சிறு பை என்று பொருள். இந்தியக் கரையில் பிடிபடும் முக்கண் நண்டில் இது காணப்படுவதுண்டு.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்த முகத்துவாரக்குப்பத்தில் நண்டும் இறாலும் ஜீவனத்துக்கு ஆதாரமானவை. வலையில் ஏறிய நண்டின் மடலுக்கடியில் சினை திரண்டிருக்கக் கண்டால் அதை நீரில் விட்டுவிடுதல் சிலாக்கியமே. ஆயினும் மடலுக்கடியில் இருப்பதெல்லாம் சினையன்று.

தோணியடியில் ஒட்டும் கொட்டலசுக்கு இது நெருங்கிய உறவு. வளர்ந்தபின் காலும் ஓடுமின்றி வெறும் பையாய் நிற்பதால் இனம் காண்பது அரிதாயிருந்தது. 1836-இல் ஜான் வாகன் தாம்ஸன் இதன் குஞ்சைக் கண்டே இனத்தை நிர்ணயித்தார். பெண் குஞ்சு நண்டின்மேல் ஒட்டியதும், தன் உடலைக் களைந்துவிட்டுச் சில உயிரணுக்களாக மாத்திரம் உள்ளே புகும். அவை நண்டின் உடலெங்கும் வேர்போல் பரவி உணவை உறிஞ்சும். பின்னர் மடலின்கீழ்ப் பை வெளிப்படும்.

அதன்மேல் நடப்பதே விநோதம். சினை நண்டு தன் முட்டைகளைத் தடவிச் சுத்தம் செய்யும். குஞ்சு வெளிப்படுங்கால் மடலை ஆட்டி நீரில் பரப்பும். பீடிக்கப்பட்ட நண்டு இவ்வளவையும் அந்தப் பைக்குச் செய்கிறது. ஒருநாளும் முட்டையிடாத ஆண் நண்டும் மடல் அகன்று பெண் சாயலடைந்து, தாயின் பணிவிடைகளை மேற்கொள்கிறது. ஆனால் வெளிவருபவை நண்டுக் குஞ்சுகளல்ல! மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி கண்ட ஆடு சுற்றிச்சுற்றி வருவதை ஆடு வளர்ப்போர் கண்டிருப்பர். அது பெரும்பாலும் கட்டி அழுத்துவதால் வரும் தடுமாற்றம். நண்டின் செய்கையிலோ தடுமாற்றமே இல்லை. வேலை செவ்வனே நடக்கிறது, பலன்தான் பிறருக்கு.

மெய்ச்சினை, மடலின் கீழுள்ள மயிர்களில் கோத்த மணிமணியாய், முதலில் மஞ்சளாகவும் நாளடைவில் கருத்தும் இருக்கும். பொய்ச்சினை மழமழப்பான ஒரே பை. அதில் சிறு துவாரம் உண்டு. ஆணின் மடலும் அகன்றிருக்கக் கூடுமாதலால் மடலை மட்டும் நம்பாமல் விரலால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இவ்வொட்டுண்ணி மனிதரைப் பற்றுவதில்லை. பையுள்ள நண்டைத் திரும்ப நீரில் விடாமல் கரைக்குக் கொணர்ந்து, பையை மட்டும் அறுத்து மேட்டு மணலில் ஆழப் புதைத்துவிடுக.