பெயர்ப் பிறழ்வும் பணியுரிமையும்: பினாங்குத் தமிழ்த் தொழிலாளரின் அடையாள ஆவணங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழர் ஒருவரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு வகையாகவும், அடையாள அட்டையில் வேறொரு வகையாகவும், சம்பளப் பட்டியலில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். மாணவரைப் பள்ளியிற் சேர்க்கும்போது எழும் இச்சிக்கல், அவர் வளர்ந்து வேலைக்குச் செல்லும்போது பெரிதாகிறது. ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையைக் கண்ட நிருவாகம், அவர் இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை உடையவர்தாமா என ஐயுறத் தொடங்குகிறது. இவ்வையத்தை எவ்வாறு தீர்ப்பது முறை என்பதைப் பினாங்கு மாநிலப் பின்னணியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறழ்வின் வரலாறு

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழர்க்குப் பினாங்கே முதல் துறைமுகமாக விளங்கியது. ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே பலர் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் பெயர்களைக் கங்காணி சொல்லக் கிராணி எழுதினார். சொன்னவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர், பெயருக்குரியவரோ எழுத்தறியாதவர் என்னும் இந்நிலையே பிறழ்வின் தோற்றுவாய் எனலாம்.

1948இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடையாள அட்டை அறிமுகமானபோது அப்பெயர்கள் நிலைபெற்றன. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமையில் ஒரு வேறுபாட்டையும் தோற்றுவித்தது. பினாங்கு பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதியாதலின், இங்குப் பிறந்து நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் குடிகள் சட்டப்படியே கூட்டரசுக் குடிகளாயினர். மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழர்க்கோ பெற்றோரின் பிறப்பிடம், வசிப்புக் காலம் முதலிய கூடுதல் நிபந்தனைகள் இருந்தன. எனவே, மூடா ஆற்றின் இக்கரையில் செபராங் பிறையிற் பிறந்தவர்க்கும் அக்கரையில் கெடாவிற் பிறந்தவர்க்கும் ஒரே நிலை வாய்க்கவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வாய்ப்பிருந்தும், அதன் இன்றியமையாமையை உணராமல் விட்டவர் பலர். வேலை (கட்டுப்பாடு) சட்டம் 1969இல் செயற்படத் தொடங்கியபோது அதன் விளைவு வெளிப்பட்டது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெற வேண்டியதாயிற்று. பல்லாண்டுகள் இங்கு உழைத்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். ஒரு தாள் இன்மையால் வாழ்வு முழுவதும் இடம்பெயர்ந்த நிகழ்ச்சி இது.

2. ஒலிபெயர்ப்பால் நேர்வன

தமிழ் வரிவடிவத்தில் ககரம் ஒன்றே. உரோமன் எழுத்திலோ அதற்கு 'கே', 'ஜி' என இரண்டு. சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவற்றிற்கும் இந்நிலையே. ழகரத்திற்கு நேரான எழுத்து ஆங்கிலத்திலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஊகாரத்தை ஆங்கில வழக்கறிந்தவர் இரண்டு 'ஓ' எழுத்துகளாலும் மலாய் வழக்கறிந்தவர் ஒற்றை 'யு' எழுத்தாலும் குறிப்பர். இகரத்தில் முடியும் பெயரை 'ஐ' எழுத்தால் முடிப்பாரும் 'ஒய்' எழுத்தால் முடிப்பாரும் உளர். இலட்சுமி, லட்சுமி, லெட்சுமி என்னும் மூவடிவங்களும் ஒருவரையே குறிப்பன என்பது நமக்கு வெளிப்படை. கணினிக்கோ அவை மூன்று பெயர்கள்.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இன்மையும் மற்றொரு காரணமாகும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிடும் மரபு ஒருபுறமும், 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' எனத் தந்தை பெயரைப் பின்னிடும் மலேசிய வழக்கு மறுபுறமும் நிற்கின்றன. ஒரே தந்தை ஒரு பிள்ளையின் பத்திரத்தில் முத்து எனவும் மற்றொரு பிள்ளையின் பத்திரத்தில் முத்துசாமி எனவும் பதியப்படுவதுண்டு.

3. இருவேறு சிக்கல்கள்

இங்கு நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டுவன இரண்டு. ஒன்று, ஆள் இன்னார் என்பது. மற்றொன்று, அவர் வேலை செய்ய உரிமையுடையவரா என்பது. பெயர்ப் பிறழ்வு முதலாவதைச் சார்ந்தது. அதனை இரண்டாவதற்குச் சான்றாகக் கொள்வதே நிருவாகங்கள் செய்யும் பெரும்பிழையாகும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பெயரும் பொருந்தாதபோது முதலாளிகளுக்கு விடுக்கப்பட்ட கடிதங்களிலும், அப்பொருந்தாமையை மட்டும் கொண்டு தொழிலாளர்மீது நடவடிக்கை எடுத்தல் கூடாது என்னும் அறிவுறுத்தல் இடம்பெற்றது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

2001இல் அறிமுகமான மைகார்டு குடிமக்களுக்குரியது. சிவப்பு நிற மைபிஆர் நிரந்தரவாசிக்குரியது. பச்சை நிற மைகாஸ் தற்காலிகவாசிக்குரியது. அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறப்பிடத்தையும் குறிக்கும். ஆதலின், பிறந்த நாள் பிழைபடப் பதியப்பட்டிருப்பின் அப்பிழை எண்ணிலும் புகுந்துவிடுகிறது. நிரந்தரவாசிக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணே வழங்கப்படுவதால், எண்ணைக் குறித்துக்கொள்வதால் மட்டும் ஒருவரின் குடியுரிமை நிலையை அறிய இயலாது, அட்டையையே காணவேண்டும்.

சிவப்பு அட்டை வைத்திருப்பவரை அயல்நாட்டுத் தொழிலாளராகக் கருதி மறுப்பதும் தவறு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அயல்நாட்டுத் தொழிலாளர் பற்றிய பகுதி, நிரந்தரவாசியை உள்நாட்டுத் தொழிலாளராகவே கொள்கிறது. பச்சை அட்டையின் நிலை இத்துணைத் தெளிவுடையதன்று. அத்தகையோர் விண்ணப்பிக்கும்போது முதலாளி தொழிலாளர் துறையிடமும் குடிநுழைவுத் துறையிடமும் எழுத்துவழி கேட்டுத் தெளிதல் வேண்டும்.

4. முதலாளி செய்யத்தக்கன

முதலாவதாக, தம் பதிவேட்டையே சரிபார்த்தல் வேண்டும். எழுத்துப் பிழை பல வேளைகளில் நிறுவனத்தின் சம்பளப் பிரிவிலேயே நேர்ந்திருக்கும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைப் பிழையின்றி வைத்திருக்கும் கடமையை நிறுவனத்தின்மீதே சுமத்துகிறது.

இரண்டாவதாக, மூல ஆவணங்களைப் பார்த்து, படியெடுத்துக்கொண்டு, உடனே திருப்பித் தருதல் வேண்டும். பிணையாக அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் ஆகாது.

மூன்றாவதாக, எந்த ஆவணத்தில் எந்த எழுத்து மாறியுள்ளது என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தந்து, திருத்தம் செய்யப் போதிய காலமும் விடுப்பும் அளித்தல் வேண்டும். பிறப்புப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வழிவகுக்கிறது. தேசியப் பதிவுத் துறையில் அதற்கு விண்ணப்பிக்கலாம். இரு வடிவப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் சத்தியப் பிரமாணப் பத்திரமும் துணைச் சான்றாகும்.

நான்காவதாக, ஊழியர் சேமநிதி வாரியத்திலும் சொக்சோவிலும் உள்ள பதிவுகளை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தொழிலாளி பணியில் இருக்கும்போதே நீக்குதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டு உழைத்த ஒருவர் இறந்துவிட்டதாகக் கொள்வோம். அவர் பெயர் மனைவியின் ஆவணங்களில் வேறு வகையாக இருப்பின், அவ்வம்மையார் தம் கணவரின் சேமிப்பைப் பெற அலுவலகந்தோறும் அலைய நேரும். உயிரோடிருந்தபோது சில நாளில் முடிந்திருக்கக்கூடிய திருத்தம் அது.

ஐந்தாவதாக, பிறழ்வை மட்டும் காட்டிப் பணிநீக்கம் செய்தல் கூடாது. பொய் கூறியதாக ஐயம் எழுந்தால் முறையான விசாரணை நடத்தல் வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் அறுபது நாளுக்குள் முறையிடலாம்.

எனினும், பணி உரிமை உண்மையிலேயே இல்லையெனத் தெளிவானால் இரக்கத்தின் பேரில் அதனை மறைத்தல் இயலாது. செல்லத்தக்க அனுமதி இல்லாதவரை வேலைக்கமர்த்தும் முதலாளிக்கு, ஓராளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 55B பிரிவு இடமளிக்கிறது. ஆயினும், அவர் செய்து முடித்த வேலைக்கான ஊதியத்தை மறுத்தல் அறமாகாது. அவர் அயல்நாட்டவரா, இம்மண்ணிற் பிறந்தும் பதிவின்றி வாழ்பவரா என்பதையும் ஆய்ந்து, பின்னவராயின் பதிவுக்கு வழிகாட்டுதல் வேண்டும்.

5. தமிழாசிரியர் பங்கு

பதிவின்மைக்கு ஒரு முதன்மைக் காரணம் திருமணப் பதிவின்மையாகும். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கோயிலில் தாலி கட்டுவதோடு நின்றுவிட்ட மணங்களிற் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை, தாயின் நிலையையே சார்ந்தமைகிறது. தாய்க்கு ஆவணம் இல்லையேல் பிள்ளைக்கும் இல்லை. 2011இல் 'மைடாஃப்தார்' பதிவு இயக்கம் இந்திய சமூகத்தை முன்னிட்டு நடத்தப்பட்டமை இச்சிக்கலின் பரப்பைக் காட்டும்.

மாணவரின் பெயரேட்டில் காணும் பிறழ்வை முதன்முதலில் அறிபவர் ஆசிரியரே. அதனை அப்போதே பெற்றோர்க்கு உணர்த்தினால், அம்மாணவர் பதினெட்டாம் வயதில் வேலை தேடிச் செல்லும்போது திருப்பி அனுப்பப்படும் நிலையைத் தவிர்க்கலாம்.

முடிவுரை

பெயர்ப் பிறழ்வு தொழிலாளியின் குற்றமன்று. வேற்றுமொழி எழுத்தில், வேற்றார் கையால் எழுதப்பட்டதன் விளைவு. ஆள் இன்னார் என்பதையும் அவரது பணியுரிமையையும் தனித்தனியே ஆராய்ந்து, திருத்தத்திற்குக் காலம் அளித்து, சட்டம் வரையறுத்த எல்லைக்குள் முடிவெடுப்பதே முதலாளிக்கு உரிய நெறியாகும். நம் பெயர்கள் உரோமன் எழுத்தில் ஒரு சீராக எழுதப்பட ஒரு நெறிமுறையை வகுத்தளிப்பது தமிழறிஞர் முன்னுள்ள கடமை எனலாம்.