பழைய காருக்கு நல்ல ஸ்டியரிங்



ஒரு மோட்டார் காரின் எஞ்சின் எத்தனை வலுவுள்ளதாக இருந்தாலும், அந்த வலுவுக்கு வழி காட்டுவது ஸ்டியரிங்தான். எஞ்சின் நின்றுபோனால் கார் சாலையோரத்தில் நிற்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் கைவிட்டாலோ, உள்ளே இருப்பவர் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்குப் போய் வொர்க்‌ஷாப்பில் தொழில் பழகும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பழைய காரொன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்டவேண்டும் என்ற ஆசையும் இளைஞர்களுக்கு உண்டு. ஆகவே, பழைய காரின் ஸ்டியரிங்கை எப்படிச் செம்மைப்படுத்துவது என்பதை இன்று காண்போம்.

நல்ல ஸ்டியரிங் எது? பினாங்குத் தீவே இதற்கு மூன்று பரீட்சை வைக்கிறது. ஜார்ஜ் டவுனின் குறுகலான பழைய தெருக்களில் காரை ஒதுக்கி நிறுத்தும்போது ஸ்டியரிங் இலேசாக இருக்க வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு மலை வளைவுகளில் போகும்போது, திருப்பியவுடன் சக்கரம் திரும்ப வேண்டும். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, கார் அலையாமல் நேராக ஓட வேண்டும். இலேசு, விரைவு, நிதானம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்ல ஸ்டியரிங். இலேசை மட்டும் தேடி மற்ற இரண்டையும் இழப்பவர்கள் பலர்.

1960களில் அமெரிக்காவில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய கார்கள் புகழ்பெற்றன. அவற்றை மசில் கார் என்பார்கள். 1964இல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. அவற்றுள் பெயர்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் 1967இல் ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி.யும், 1968இல் ஹோல்டன் மோனாரோவும் வந்தன. இவ்விரண்டும் நம் நாட்டுச் சாலைக்கு ஏற்றபடி வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ளவை. இந்தக் கார்களின் எஞ்சின் பளு பெரும்பாலும் முன்சக்கரங்களின்மேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் இக்காலத்து அகலமான டயரையும் மாட்டினால், கார் நிற்கும் நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும்.

இந்தப் பளுவை மனிதக் கை எப்படித் திருப்புகிறது? லோரியைத் தூக்கும் திருகு ஜாக்கியை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைப் பல சுற்றுச் சுற்றுகிறோம். லோரி கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிறது. சுற்று அதிகம், ஆனால் கைக்குப் பளு குறைவு. ஸ்டியரிங் பெட்டியும் அப்படித்தான். அதனுள் ஒரு திருகுத் தண்டு இருக்கிறது. தண்டின்மேல் ஒரு நட்டு ஏறி இறங்கும். இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டோடி உராய்வைக் குறைக்கும். நட்டு நகர்ந்தால் பெட்டிக்கு வெளியே உள்ள பிட்மன் ஆர்ம் என்ற கரம் அசையும். அந்த அசைவைக் குறுக்குத் தண்டும் டை ராடுகளும் முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும்.

பழைய மஸ்டாங்கின் சாதாரணப் பெட்டியில், ஸ்டியரிங் ஏறத்தாழ 19 பாகை திரும்பினால் கரம் 1 பாகை திரும்பும். பவர் ஸ்டியரிங் பூட்டிய காரில் 16 பாகை திரும்பினாலே போதும். விகிதம் குறைந்தால் வளைவில் விரைவாகத் திருப்பலாம். ஆனால் கைக்குப் பளு கூடும். அந்தப் பளுவைச் சுமக்கத்தான் இன்னொரு சக்தியின் துணை தேவைப்படுகிறது.

பவர் ஸ்டியரிங்குக்கு வழிகோலியவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1920களிலேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பை அவர் ஆக்கினார். ஆயினும் 1951இல்தான் கிரைஸ்லர் கம்பெனி அதைக் காரில் பூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. நாம் திருப்பும் பக்கம் எண்ணெய் தள்ளுகிறது. மின்மோட்டார் துணைசெய்யும் ஸ்டியரிங் 1988இல் ஜப்பானின் சுசூக்கி செர்வோ காரில் வந்தது.

பழைய காரை மாற்ற நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பம்ப்பும் எண்ணெய் அழுத்தப் பெட்டியும் பூட்டுவது. அந்தக் கார் வெளிவந்த காலத்திலேயே அதற்கென்று செய்யப்பட்ட பவர் பெட்டி கிடைத்தால் பொருத்துவது எளிது. பெல்ட், குழாய், எண்ணெய் ஆகியவற்றைக் கவனித்து வந்தால் நெடுநாள் உழைக்கும்.

இரண்டாவது வழி, பழைய பெட்டியை அகற்றிவிட்டு, பற்சட்டமும் சிறு பற்சக்கரமும் கொண்ட ரேக் ஸ்டியரிங்கைப் பூட்டுவது. 1948இல் வந்த மோரிஸ் மைனரிலேயே இந்த அமைப்பு இருந்தது. கைக்கு உணர்வு துல்லியமாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது முன்சக்கரம் ஒரு வில்போல மேலும் கீழும் போகிறது. டை ராடும் தனக்கென ஒரு வில்லில் போகிறது. இரண்டு வில்லும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுபவர் கை அசையாதபோதே சக்கரம் தானாகத் திரும்பும். செம்பனைத் தோட்டத்துக் குண்டுகுழிச் சாலையில் இது பெரிய ஆபத்து. வேறு காரின் ரேக்கைக் கண்மதிப்பில் வெட்டி ஒட்டிப் பொருத்தக் கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவது வழி, ஸ்டியரிங் தண்டிலேயே மின்மோட்டாரைப் பொருத்துவது. எண்ணெயும் பெல்ட்டும் வேண்டாம். பழைய பெட்டியையும் மாற்ற வேண்டாம். ஆனால் மோட்டாரின் முறுக்கைத் தாங்கும்படி அதை உறுதியாகப் பிணைக்க வேண்டும். பழைய காரின் பேட்டரியும் டைனமோவும் அந்த மின்சாரத்தைக் கொடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும் மோட்டார்கள் காரின் வேகத்தை அறிந்து வேலை செய்யும்படி அமைந்தவை. அந்தச் செய்தி கிடைக்காவிட்டால் துணை சரியாக வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் மாற்றுப் பாகங்களில் பெரும்பாலானவை இடப்பக்க ஸ்டியரிங் காருக்குச் செய்யப்பட்டவை. வலப்பக்கக் காரில் அவை அப்படியே உட்காரா. பணம் கட்டுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மூன்று வழிகளில் எதற்குப் போனாலும், அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் தேய்மானம் பார்ப்பது. நாற்பது, ஐம்பது ஆண்டு ஓடிய காரில் பால் ஜாயிண்ட் ஆடும். டை ராட் முனை தேயும். பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் இடத்தில் வெடிப்பு விழும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்ட, மற்றவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் அசைவு தொலைகிறதோ அங்கேதான் நோய். சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

ஆட்டத்தைக் குறைக்கப் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கிவிடுவோர் உண்டு. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவிலிருந்து தானாகத் திரும்பி வராது. வெடித்த ஸ்டியரிங் பாகத்தை வெல்டிங் செய்து ஓட்டுவது அதைவிடக் கொடியது. அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. தேய்ந்த மூட்டுகளின்மேல் பவர் ஸ்டியரிங்கைப் பூட்டினால் ஆட்டம் மறையாது. கைக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். பாலத்தின் நடுவில் அது வெளிப்படும்.

மூட்டுகளைப் புதுப்பித்து, டயரின் காற்றைச் சரிபார்த்து, சக்கரக் கோணங்களையும் கருவியில் வைத்துச் சரிசெய்தாலே பல கார்களின் குறை பாதி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் கை வலித்தால் பவர் ஸ்டியரிங்கைப் பற்றி யோசிக்கலாம். பூட்டிய பின் கோணங்களை மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் எண்ணெயின் துணை போய்விடும், ஸ்டியரிங் கனக்கும். ஆனாலும் இரண்டு கைகளாலும் அழுத்தித் திருப்பினால் சக்கரம் திரும்பும். பதறாமல் காரை ஓரங்கட்டலாம். சாவியை மட்டும் வெளியே எடுத்துவிடக் கூடாது. சில கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெற வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்தபின் தாள் தேடுவதில் பயனில்லை.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. புதிய பாகத்தைப் பூட்டுவதைப் பார்த்துப் பழகிவிடலாம். தேய்ந்த மூட்டை விரல் வைத்துக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ள மெக்கானிக்கின் கையை நம்பித்தான் குடும்பங்கள் காரில் ஏறுகின்றன.