ஒரே பெயரில் பல முனைகள்: வீட்டுக் கம்பியில்லா இணையத்தின் எல்லையை விரித்தல்

வரவேற்பறையில் தடையின்றி ஓடும் இணையம் பத்தடி தள்ளியுள்ள படுக்கையறையில் மங்கிவிடுவது சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பலரும் அறிந்த குறை. நெடுங்காலம் அது சிறு தொல்லையாகவே கருதப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோதுதான், எந்த அறையில் அமர்கிறோம் என்பது ஒரு பிள்ளை பாடத்தைக் கேட்குமா கேட்காதா என்பதையே முடிவு செய்யும் எனக் கண்டோம். இன்று முதியவர்கள் மருத்துவரைக் காணொளி வழியே சந்திக்கிறார்கள். பலர் வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்தே பணியாற்றுகிறார்கள். அலை எட்டாத அறை என்பது இனி வெறும் தொல்லை அன்று.

இக்குறையைக் களைய, ஒரு வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைபரப்பும் நிலையங்களை அமைப்பது தக்க வழி. அதன் இயல்பையும் முறையையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். மொழி பற்றிய உரைவரிசையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். கருவிகளைப் பொருத்துவதில் நேரும் தவறுகளுள் பல, அக்கருவிகளின் பெயர்களைப் பிறழ உணர்வதால் நேர்வன. ஒரு பெயர் பொருளைத் தவறாகக் காட்டினால், வாங்கியவர் அப்பொருளைத் தவறான இடத்தில் வைக்கிறார். இதனைக் கீழே காண்போம்.

1. ஒரு பெட்டி, நான்கு பணிகள்

நம் வீடுகளில் ‘ரௌட்டர்’ என்று ஒரே சொல்லால் வழங்கப்படும் அமைப்பு, உண்மையில் நான்கு பணிகளின் தொகுப்பு. முதலாவது, கண்ணாடியிழை வழியே ஒளியாக வரும் தகவலை மின்குறிகளாக மாற்றுவது. இதனை ‘ஒளிமாற்றி’ எனலாம். இப்பணிக்குப் பல வீடுகளில் தனிப்பெட்டியே உண்டு. இரண்டாவது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வழங்கி, உரிய தகவலை உரிய கருவிக்கு அனுப்புவது. இதுவே ‘திசைவி’யின் பணி. மூன்றாவது, கம்பிவடங்களைச் செருகப் பல துளைகள் தருவது; இது ‘இணைப்பு மாற்றி’. நான்காவது, தகவலை வானலையாகப் பரப்புவதும், கருவிகள் அனுப்பும் அலையை ஏற்பதும். இதற்குரிய பெயர் ‘அணுகுமுனை’.

‘அணுகுமுனை’ ஒரு வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் என்பனபோல் முக்காலத்தையும் தன்னுள் கரந்து நிற்பது. கருவிகள் அணுகிய முனை, அணுகுகின்ற முனை, அணுகும் முனை என விரியும். நாள்தோறும் கருவிகள் வந்து சேர்வதும் பிரிவதுமாக இருக்கும் ஓரிடத்திற்கு இவ்வமைப்பு நன்கு பொருந்துகிறது. ஆப்பிள் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ஏர்போர்ட் கருவியைத் ‘தள நிலையம்’ என்னும் பொருளில் ‘பேஸ் ஸ்டேஷன்’ என்றே அழைத்தது. அப்பெயர் கைப்பேசிக் கோபுரங்களுக்கும் உரியதாகலின், வீட்டுக் கருவிக்கு அணுகுமுனை என்பதே தெளிவு.

இப்பாகுபாட்டால் விளையும் பயன் பெரிது. ஓர் அறைக்கு அலை எட்டவில்லை என்றால் குறைவாக இருப்பது நான்காம் பணி மட்டுமே. ஆகவே நமக்கு வேண்டுவது இன்னோர் அணுகுமுனை. இன்னொரு திசைவி அன்று.

2. அலை ஏன் எட்டுவதில்லை?

வீட்டுக் கம்பியில்லா இணையம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைக்கற்றைகளில் இயங்குகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செண்டிமீட்டர். இரண்டாவதன் அலைநீளம் ஏறத்தாழ 6 செண்டிமீட்டர். பொதுவாக, நீண்ட அலை சுவரை ஓரளவு ஊடுருவும். குறைந்த தகவலையே சுமக்கும். குறுகிய அலை மிகுந்த தகவலைச் சுமக்கும். சுவரில் விரைந்து வலுவிழக்கும். அண்மைக் காலக் கருவிகளில் வந்துள்ள 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இன்னும் வேகமானது. அதன் எட்டம் இன்னும் குறைவு.

அலையின் இழப்பை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 3 டெசிபெல் இழப்பு என்றால் வலு பாதியாகிறது. 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒன்றாகிறது. 20 டெசிபெல் என்றால் நூறில் ஒன்றாகிறது. மெல்லிய தடுப்புச் சுவர் சில டெசிபெல்களையே விழுங்கும். கான்கிரீட் சுவரோ 10 முதல் 20 டெசிபெல் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் விழுங்கவல்லது.

சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தைத் தொடர்ந்து கட்டப்பட்ட வீவக வீடுகளுக்குள்ளேயே ‘பாம் ஷெல்டர்’ என மக்கள் வழங்கும் புகலறை உண்டு. எஃகுக் கம்பிகள் செறிந்த தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அவ்வறை, வெடிப்பிலிருந்து நம்மைக் காக்கக் கட்டப்பட்டது. அலைக்கும் அது அரணே. பெட்டி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று திசைவியை அதனுள் வைப்போர் உளர். அவர்கள் வீட்டின் மிக வலுவான சுவருக்குள் அலையைச் சிறைவைக்கிறார்கள். பெட்டி வெளியில் இருப்பினும், அதற்கும் படுக்கையறைக்கும் இடையில் புகலறை நின்றால் அப்பக்கம் நிழல் விழும்.

அப்படியாயின் வலிமை மிக்க திசைவி ஒன்றை வாங்கினால் தீராதா என்பது இயல்பான வினா. பெரும்பாலும் தீராது, அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஒரு கருவி எவ்வளவு வலிமையாக அலைபரப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு; இங்கே அதனைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் விதிக்கிறது. இரண்டாவது, இணையம் இருவழிப் பேச்சு. பெரிய மண்டபத்தின் மேடையில் இருப்பவர் ஒலிபெருக்கியில் பேசுவதால் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வெறும் குரலில் கேட்கும் வினா மேடையை எட்டாது. நம் கைப்பேசி அந்தக் கடைசி வரிசையாளர். சிறு மின்கலத்தில் இயங்கும் அதன் குரல் மெலிது. திரையில் அலைக்குறி நிறைந்து காட்டியும் பக்கம் திறவாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எனவே மேடையின் ஒலியை உயர்த்துவதைவிட, கேட்போருக்கு அருகே இன்னொரு மேடை அமைப்பதே தீர்வு.

3. மூவகை நிலையங்கள்

வீட்டில் அணுகுமுனையைப் பெருக்கும் வழிகள் மூன்று. அவற்றை வேறுபடுத்துவது ஒன்றே: புதிய முனைக்குத் தகவல் எவ்வழியே வந்து சேர்கிறது? ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயை வரத்துக்கால் என்பர். வரத்துக்கால் தூர்ந்த ஏரிக்குக் கரை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை. அணுகுமுனைக்கும் அவ்வாறே ஒரு ‘வரத்து இணைப்பு’ உண்டு. அதன் தன்மையே முழு அமைப்பின் தன்மையை வரையறுக்கிறது.

முதல் வகை, கடைகளில் ‘பூஸ்டர்’ என்னும் பெயரில் விற்கப்படுவது. இப்பெயர்தான் முன்னர்க் குறித்த பிறழ்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஊக்குவது, பெருக்குவது என்னும் பொருள் தொனிப்பதால், அலை மங்கிய அறையில் அதனை வைத்தால் அங்குள்ள அலை பெருகும் என வாங்குவோர் எண்ணுகின்றனர். ஆனால் இக்கருவி செய்வது வேறு: கேட்டதை மீண்டும் சொல்கிறது. தமிழில் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து, செய்யும் கருவியைக் குறிக்கும் மரபு உண்டு. மின்மாற்றி, சுமைதாங்கி, ஒலிபெருக்கி என்பன அவ்வாறு அமைந்தவை. அம்முறையில் இதற்கு ‘மீள்பரப்பி’ என்பதே பொருந்தும், ‘பெருக்கி’ பொருந்தாது. மீளப் பரப்ப வேண்டுமாயின் முதலில் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே மீள்பரப்பியின் இடம் அலை மங்கிய அறை அன்று. அலை இன்னும் நன்றாக இருக்கும் இடைவழி. பெயரைத் திருத்திய அளவிலேயே வைக்கும் இடமும் திருந்துகிறது.

மீள்பரப்பிக்கு இயல்பான குறை ஒன்றும் உண்டு. எளிய மீள்பரப்பியில் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் நிகழ்வதால், ஒவ்வொரு தகவலும் இருமுறை காற்றில் பயணம் செய்கிறது. அதனால் கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

இரண்டாம் வகை, ‘மெஷ்’ எனப்படும் பின்னலமைப்பு. இரண்டோ மூன்றோ முனைகள் ஒன்றையொன்று அறிந்து, தமக்குள் வழி வகுத்து, ஒரே பெயரில் இயங்கும். மூன்று அலைவாங்கிகள் கொண்ட உயர்வகைக் கருவிகளில் ஒன்றை வரத்து இணைப்புக்கென்றே ஒதுக்க இயலும். அப்போது வேக இழப்பு பெரிதும் குறையும். ஆயினும் வரத்து காற்றின் வழியே வருவதாகலின், இடையில் புகலறைச் சுவர் நின்றால் இவ்வமைப்பும் தளரும்.

மூன்றாம் வகை, கம்பிவடத்தால் ஊட்டப்படும் அணுகுமுனை. திசைவியிலிருந்து ஈதர்நெட் வடம் ஒன்றைத் தொலைவிலுள்ள அறைக்குக் கொண்டுசென்று, அதன் முனையில் அணுகுமுனையைப் பொருத்துவது. இதன் வரத்துக்குச் சுவர் தடையன்று; 100 மீட்டர் வரை வடம் செல்லலாம். ‘கேட் 5இ’ வகை வடமே நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும். புதிய வீடுகள் பலவற்றில் அறைச்சுவரிலேயே இவ்வடத்தின் துளை அமைந்திருக்கக் காணலாம். பயன் தெரியாமல் அலமாரிக்குப் பின்னே மறைத்து வைத்திருப்போரும் உளர். பின்னலமைப்புக் கருவிகளுட் பெரும்பாலானவற்றை வடத்தால் இணைக்கவும் இயலும். வடம் இயலுமிடத்து வடமே சிறந்தது.

4. அமைக்கும் முறை

முதற்படி, புதிய கருவி எதையும் வாங்காமல் இருக்கும் பெட்டியை இடம் மாற்றிப் பார்ப்பது. வீட்டின் நடுப்பகுதியில், திறந்த வெளியில், தொலைக்காட்சிக்குப் பின்னோ மீன்தொட்டிக்கு அருகிலோ இல்லாமல், தோள் உயரத்தில் வைத்தல் நன்று. ஏறத்தாழ 90 சதுர மீட்டர் பரப்புள்ள நான்கறை வீடு சிலவற்றில் இதுவே போதுமானதாக அமைவதுண்டு.

இரண்டாம் படி, அளத்தல். கைப்பேசிச் செயலிகள் சில அலையின் வலுவை எதிர்ம எண்ணில் காட்டும். சுழியத்துக்கு அருகில் உள்ள எண்ணே வலிது. அதாவது −50 என்பது −70ஐ விட வலிது. காணொளி உரையாடலுக்கு −67 அளவு இருந்தால் நலம். −80க்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலைக்காது. கம்பியற்ற வரத்து உடைய இரண்டாம் முனையை −67க்குக் குறையாத இடத்திலேயே வைக்க வேண்டும்.

மூன்றாம் படி, பெயர். எல்லா முனைகளுக்கும் ஒரே வலையமைப்புப் பெயர், ஒரே மறைச்சொல், ஒரே பாதுகாப்பு முறை என அமைக்க வேண்டும். முனைக்கொரு பெயர் வைத்தால், அறை மாறும்போதெல்லாம் நாமே தேர்ந்தெடுக்க நேரும். பெயர் ஒன்றானால் கைப்பேசியே வலிய முனையை நாடும். எப்போது மாறுவது என முடிவெடுப்பது கைப்பேசியே. சில கருவிகள் மங்கிய பழைய முனையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். முனைகளின் பரப்பு வலுவைச் சற்றுக் குறைத்தால் இப்பிடிவாதம் தளரும்.

நான்காம் படி, அலைவரிசை. பெயர் ஒன்றாயினும், வடத்தால் இணைந்த முனைகளின் அலைவரிசை வேறாதல் வேண்டும். இல்லையேல் ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்க நேரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. மேல்மாடி, கீழ்மாடி, அண்டை வீடு என அனைவரும் இம்மூன்றையே பகிர்வதால், இயன்றவரை 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துவது அறிவு. கம்பியற்ற பின்னலமைப்பு தன் அலைவரிசையைத் தானே தேர்ந்துகொள்ளும். அதில் தலையிட வேண்டா.

ஐந்தாம் படி, ஒரே திசைவி. பழைய திசைவியை அணுகுமுனையாக மறுபயன் செய்யலாம். ஆயின் அதன் அமைப்பில் ‘அணுகுமுனை நிலை’யைத் தேர்ந்து, முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிடின் ஒரே வீட்டில் இருவர் முகவரி வழங்குவர்; படுக்கையறைக் கணினிக்கு வரவேற்பறை அச்சுப்பொறி தெரியாமற்போகும்.

5. சொல்லால் விளையும் பயன்

மேற்கண்ட செய்திகளுள் எதுவும் பொறியியல் பட்டம் வேண்டுவதன்று. ஒளிமாற்றி, திசைவி, அணுகுமுனை, மீள்பரப்பி, வரத்து இணைப்பு என்னும் ஐந்து சொற்களின் வேறுபாடு தெரிந்தால் போதும். இவை தெரியாதவிடத்து, ‘வீட்டில் வைஃபை சரியில்லை’ என்ற ஒரு தொடரைத் தவிர நம்மிடம் சொல்ல வேறொன்றும் இருப்பதில்லை. அத்தொடரைக் கேட்கும் விற்பனையாளர் வேகம் மிகுந்த சந்தாவையோ விலை மிகுந்த பெட்டியையோ காட்டுவார். சந்தாவின் வேகத்தை உயர்த்துவதால் படுக்கையறைச் சுவர் மெலிவதில்லை. மாதந்தோறும் கட்டணம் மட்டும் உயரும். தனியே வாழும் முதியவர்களே இவ்விழப்புக்கு எளிதில் ஆளாகின்றனர்.

மாறாக, ‘திசைவி வாயிலருகே உள்ளது, நடுவில் புகலறைச் சுவர், கடைசி அறையில் −82, அவ்வறையில் வடத்துளை உண்டு, எனக்கு அணுகுமுனை ஒன்று மட்டும் வேண்டும்’ என்று ஒரு பாட்டியால் சொல்ல முடிந்தால், அவரிடம் வேண்டாததை விற்பது அரிது. அவர் இதைத் தமிழில் சிந்தித்து, கடைக்காரருக்குத் தெரிந்த மொழியில் சொல்லட்டும். தம் வீட்டுப் பிள்ளைகளிடமும் அண்டை வீட்டாரிடமும் அவர் இச்சொற்களைப் பகிர்ந்தால், கலைச்சொற்கள் அகராதியிலிருந்து வீட்டுக்குள் வந்து சேரும்.