இமைப்பதற்குள் ஒரு தீர்ப்பு

வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. பழுதுபார்க்க ஆள் தேடி, செல்போனில் ஒவ்வொரு இணையதளமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, மூன்றாவது தளம் திறந்த மாத்திரத்தில் சொன்னார்: "இது வேண்டாம்ப்பா, வேற பாரு."

"ஒரு வரிகூடப் படிக்கலையே அத்தை, அதுக்குள்ள எப்படிச் சொல்றீங்க?"

"பார்த்தாலே தெரியுதே. ஒரே கசகசன்னு இருக்கு."

அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரராக இருந்திருக்கலாம். நியாயமான கூலி வாங்குபவராகவும் இருந்திருக்கலாம். அதையெல்லாம் நிரூபிக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அத்தை கையில் கீரைத்தண்டு, என் விரல் அடுத்த தளத்தில்.

அத்தை செய்த இந்தக் காரியத்தைத்தான் கனடாவின் ஒட்டாவா நகரில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டெ லிண்ட்கார்டும் அவருடைய குழுவினரும் அளந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். முதலில் 100 முகப்புப் பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் அரை வினாடி மட்டும் திரையில் காட்டி மறைத்துவிட்டு, 'பார்க்க எப்படி இருந்தது?' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே பக்கங்களை மறுபடியும் காட்டியபோதும் ஏறக்குறைய அதே மதிப்பெண். சரி, நேரத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று 50 மில்லி வினாடிக்கு, அதாவது வினாடியில் 20-இல் ஒரு பங்குக்கு இறங்கினார்கள். அப்போதும் மக்களின் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. அரை வினாடி பார்த்து அழகு என்றதை, அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தவர்களும் அழகு என்றார்கள்.

50 மில்லி வினாடி என்பது எவ்வளவு? திரையரங்கில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு சட்டகம் சுமார் 42 மில்லி வினாடி. ஆக, படச்சுருளில் ஒரு சட்டகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நம் இலக்கணத்தில் குறில் எழுத்தை ஒலிக்க ஆகும் நேரம் ஒரு மாத்திரை. அதைக் கண் இமைப்பதை வைத்தும் கைநொடிப்பதை வைத்தும் அளந்தவர் தொல்காப்பியர். ஒருமுறை கண் இமைக்கக் குறைந்தது 100 மில்லி வினாடியாவது பிடிக்கும். நீங்கள் 'அ' என்று சொல்லி முடிப்பதற்குள் இணையதளத்தின் மீது தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது.

இவ்வளவு அவசரத்தில் கண் எதைத்தான் பார்க்கிறது? எழுத்தை அல்ல. விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்று இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அதன் நகம் மறைக்கும் அளவு இடம்தான் அந்தக் குழிக்குள் விழும். மற்றதெல்லாம் மங்கல். படிப்பதென்றால் பார்வை இடம்விட்டு இடம் தாவ வேண்டும். ஒரு தாவலுக்குத் தயாராகவே கண்ணுக்குச் சுமார் 200 மில்லி வினாடி தேவை. 50 மில்லி வினாடியில் பார்வை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூளைக்குப் போய்ச் சேர்வது வண்ணத் திட்டுகள், வெளிச்சமும் இருட்டும் விழுந்திருக்கும் விதம், எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் வெறுமை என்ற சித்திரம் மட்டுமே. ஆனால் அந்த மங்கல் சித்திரத்தை வைத்துக்கொண்டே மூளை நிறையச் செய்துவிடும். பிரான்சின் துலூஸ் நகரில் சைமன் தோர்ப் குழுவினர் 1996-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு புகைப்படத்தை 20 மில்லி வினாடி மட்டுமே காட்டினார்கள். அதில் விலங்கு இருக்கிறதா இல்லையா என்பதை மக்கள் சரியாகச் சொன்னார்கள். காட்டில் பிழைத்த உயிரினத்தின் மூளை இது. புலியை அடையாளம் காண விளக்கக் குறிப்பு படிக்கும்வரை காத்திருந்தால் ஆள் காலி.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செல்போனில் ஒரு தளத்தைத் திறந்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். எழுத்துகள் கரைந்து போகும். அப்போதும் 'தலைப்பு இங்கே, படம் இங்கே, அழுத்த வேண்டிய பட்டன் இங்கே' என்று தெரிந்தால் அது தேறிய பக்கம். சந்தைக்கடைத் துணிமூட்டை மாதிரி எல்லாம் ஒன்றாகக் கலந்து தெரிந்தால், அத்தை பார்த்தது அதைத்தான்.

பார்க்க நன்றாக இருந்தால் போதுமா, வேலை நடக்க வேண்டாமா என்று கேட்கலாம். இங்கேதான் மனம் ஒரு வேடிக்கை செய்கிறது. 1995-இல் ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாக்கி குரோசு, காவோரி காஷிமுரா இருவரும் ஏடிஎம் திரைக்கு 26 விதமான அமைப்புகளைத் தயார் செய்தார்கள். எல்லாவற்றிலும் அதே பட்டன்கள். அடுக்கிய விதம்தான் வேறு. 252 பேரிடம் காட்டி, எது அழகு, எது பயன்படுத்த எளிது என்று தனித்தனியாகக் கேட்டார்கள். அழகாகத் தெரிந்ததையே எளிது என்றும் மக்கள் சொன்னார்கள். பயன்படுத்தியே பார்க்காமல்!

இதைக் கேள்விப்பட்ட இஸ்ரேலிய ஆய்வாளர் நோம் டிராக்டின்ஸ்கிக்குச் சந்தேகம் வந்தது. ஜப்பானியர்கள் அழகுணர்ச்சிக்குப் பேர்போனவர்கள், அவர்களிடம் இப்படித்தான் வரும். எங்கள் ஊர்க்காரர்கள் காரியவாதிகள், இங்கே இது எடுபடாது என்று நினைத்து, அதே சோதனையை இஸ்ரேலில் செய்தார். 1997-இல் முடிவு வெளியானது. இஸ்ரேலில் அந்தத் தொடர்பு ஜப்பானைவிட வலுவாக இருந்தது. தன் கருத்துக்கு எதிராக வந்த முடிவை அப்படியே அச்சுக்குக் கொடுத்த அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும்.

ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற நல்ல குணங்களையும் நாமே சேர்த்துக்கொள்வது மனித இயல்பு. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் இதை 1920-லேயே கண்டு, ஒளிவட்ட விளைவு என்று பெயர் வைத்தார். ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சொல்வதற்கு ஆய்வுக்கூட வடிவம் இது.

அப்படியானால் எந்த மாதிரிப் பக்கம் முதல் பார்வையில் தேறுகிறது? சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகமும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2012-இல் இரண்டு குணங்களைச் சொன்னது. ஒன்று, எளிமை. மற்றொன்று, பரிச்சயம். வங்கித் தளம் வங்கித் தளம் மாதிரியும், துணிக்கடைத் தளம் துணிக்கடைத் தளம் மாதிரியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்த பக்கங்களையே மக்கள் அழகு என்றார்கள். எளிமையின் விளைவு 17 மில்லி வினாடியிலேயே தென்பட்டுவிட்டது. புதுமை செய்கிறேன் என்று வாங்கும் கூடையின் படத்தை வலது மேல் மூலையிலிருந்து எடுத்து வேறெங்கோ வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எளிமை என்றவுடன் நம் ஊர் வடிவமைப்பாளர்கள் சிலர் வெள்ளைப் பின்னணி, நடுவே ஒரே ஒரு சாம்பல் நிற வரி என்று இறங்கிவிடுகிறார்கள். பட்டுப்புடவைக் கடையின் தளம் கலிஃபோர்னியா கணினி நிறுவனத்தின் தளம் மாதிரி இருந்தால் அதுவும் பொருந்தாக் கோலம்தான். கதரினா ரைனெக்கெ, கிரிஸ்டாஃப் கையோஸ் இருவரும் ஏறக்குறைய 40,000 பேரிடம் 24 லட்சம் மதிப்பீடுகளைத் திரட்டி 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எவ்வளவு வண்ணம் பிடிக்கும், எவ்வளவு நெரிசல் பிடிக்கும் என்பது நாட்டுக்கு நாடு, வயதுக்கு வயது மாறுகிறது என்பது அதன் முடிவு. கசகசப்பு யாருக்கும் பிடிக்காது, உண்மை. ஆனால் ஒருவருடைய கசகசப்பு இன்னொருவருக்குக் கல்யாணக் களை.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இன்னொரு கூடுதல் பாடு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்த் தளங்கள் பலவும் தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. அதை இறக்கிப் பதியாவிட்டால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கல். முதல் பார்வையே புரியாத மொழி! யூனிகோடு பரவி, 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றபின் அந்தத் தொல்லை ஓய்ந்தது. ஆனாலும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டுவது இன்னும் நிற்கவில்லை. 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்பிக்' என்று நின்று மூன்று புள்ளி வைக்கிறது. வரிகளுக்கு இடையே போதிய இடம் விடாததால் 'கி', 'கீ' எழுத்துகளின் கொக்கி வெட்டுப்படுகிறது. எழுத்தைப் படிக்காத கண்ணும் இந்த நெருக்கடியை உணர்ந்துவிடும்.

பக்கம் அழகாக இருந்து என்ன, வந்து சேர வேண்டுமே. ஒரு வினாடிக்குள் பதில் வந்தால் நினைவோட்டம் அறுபடாது, பத்து வினாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்பது கணினித் துறையில் 1968-இல் ராபர்ட் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் கணக்கு. இன்றைக்குக் கூகுள் வைத்திருக்கும் அளவுகோலில், பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 வினாடிக்குள் திரைக்கு வர வேண்டும். எழுத்து வந்தபின் மேலே ஒரு விளம்பரம் குதித்து, நாம் அழுத்தப்போன பட்டன் கீழே நகர்ந்து, விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறதே, அதற்கும் தனி மதிப்பெண் உண்டு.

இனி ஒரு புள்ளிவிவரத்தின் கதை. 'முதல் அபிப்பிராயத்தில் 94 சதவீதம் வடிவமைப்பால்தான்' என்று இணையதளம் செய்து தரும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். அந்த எண் வந்தது 2004-இல் எலிசபெத் சில்லென்ஸ் குழுவினர் பிரிட்டனில் நடத்திய ஆய்விலிருந்து. அதில் கலந்துகொண்டவர்கள் 15 பெண்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா என்று தகவல் தேடியவர்கள். ஒரு தளத்தை ஒதுக்கியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் 94 சதவீதம் வடிவமைப்பு சார்ந்தவை. அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது, அதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஒரு தளத்தை நம்பியதற்குச் சொன்ன காரணங்களில் 83 சதவீதம் உள்ளடக்கம் சார்ந்தவை. தோற்றம் வாசலில் நின்று ஆளைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வந்தவரை உட்கார வைப்பது விஷயம்.

ஆனால் எல்லோரும் அந்தப் பெண்கள் அளவுக்கு அக்கறையோடு தேடுவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002-இல் 2,684 பேரை 100 தளங்களின் நம்பகத்தன்மையை எடைபோடச் சொன்னபோது, வந்த கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியே இருந்தது. யார் நடத்துகிறார்கள், தகவல் சரியா என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தன.

மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எளிமை, பரிச்சயம் என்று மேலே சொன்ன இரண்டையும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியதில்லை, வங்கித் தளத்தை அப்படியே நகலெடுத்தால் போதும். ரச்னா தமீஜாவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 22 பேரிடம் உண்மையும் போலியுமாகச் சில தளங்களைக் காட்டிய ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் ஒரு போலி வங்கித் தளத்தின் முகவரியில், டபிள்யூ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக இரண்டு வி எழுத்துகளை ஒட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அசையும் கரடிப் படம் ஒன்றும் உண்டு. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை உண்மை என்றே நம்பினார்கள். கலந்துகொண்டவர்களில் 23 சதவீதம் பேர் முகவரிப் பட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

50 மில்லி வினாடியில் எழுதிய தீர்ப்பை வைத்து ஒரு தளத்தை மூடலாம், நஷ்டமில்லை. அதே தீர்ப்பை நம்பி ஓடிபியைத் தட்டக் கூடாது. கடவுச்சொல் கேட்கும் பக்கம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், மேலே இருக்கும் முகவரியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் லிங்க் வழியாக வங்கிக்குள் நுழையாதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். அத்தையின் போனிலும் பதிந்து கொடுத்திருக்கிறேன்.