பக்கத்து நிரைக்காரர்

தீபாவளிக்கு வந்த என் அண்ணனிடம் மகன் முதலில் கேட்டது, "மாமா, உங்க காடி பின்டயர் ரெண்டும் ஏன் வேற வேற கம்பெனி?" பிறகு டயர் தேய்மானம் பற்றி அரை மணி நேரம் விளக்கினான். அண்ணன் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தும் அவன் நிறுத்தவில்லை.

வீட்டில் இது வேடிக்கை. படிவம் 2 வகுப்பில் அப்படி இல்லை. கேண்டீன் இரைச்சல் தாங்காமல் ஓய்வு நேரத்தில் நூலகப் படிக்கட்டில் தனியே சாப்பிடுகிறான். கவுன்சிலிங் ஆசிரியை என்னை அழைத்து, "ஆட்டிசமாக இருக்கலாம், காட்டிப் பாருங்கள்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நன்றாகப் பேசுகிறான், கணக்கில் ஏ வாங்குகிறான், இவனுக்கா?

ஆட்டிசம் என்றால் பேச்சு வராத சின்னக் குழந்தை என்றுதான் நினைத்திருந்தேன். அரசாங்க கிளினிக்கில் 18 மாதக் குழந்தைக்கே அதற்கான கேள்வித்தாள் உண்டு. ஆனால், பேச்சு வந்து, படிப்பும் வந்த பிள்ளைகள் பலர் அதில் சிக்குவதில்லை. பதின்ம வயதில்தான் தெரிகிறது. அந்த வயதில் நட்பு என்பதே கிண்டலும் ஜாடையும்தானே! முன்பு 'அஸ்பெர்கர்' என்று தனியாகச் சொல்லப்பட்டதையும் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் எவனோ, "நாளைக்கு மாற்றுப்பள்ளி" என்று விளையாட்டாக எழுதினான். இவன் சீருடையோடு போய், பூட்டிய பள்ளிக் கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றான். நான் போய்த்தான் அழைத்து வந்தேன்.

"தோட்டத்துல பொறந்திருந்தா இவனுக்கு ஒரு கொறையும் இருந்திருக்காது" என்றார் அம்மா. சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருடம் பால் வெட்டியவர். இப்போது எங்களோடு ஈப்போவில் இருக்கிறார். அவருடைய பக்கத்து நிரையில் ஒருவர் இருந்தாராம். பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு இருட்டோடு போனால் வாளி நிறையும்வரை யாரிடமும் பேசமாட்டார். அதே மரங்கள், அதே வரிசை. உளி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டதே இல்லை. புதிதாக வந்தவர்களுக்குத் தண்டல் அவர் மரங்களைத்தான் காட்டுவாராம்.

கேட்க ஆறுதலாக இருந்தது.

"அப்புறம் அவர் என்னம்மா ஆனார்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லயத்துப் பிள்ளைகள் அவருடைய மங்குகளை ஒளித்து வைப்பார்கள். 'ஊமைக்கோட்டான்' என்பார்கள். கல்யாணம் ஆகவில்லை. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபோது மற்றவர்கள் டவுனுக்கு வேலை தேடிப் போனார்கள். அவர் மட்டும் பல நாள் பெரட்டு நேரத்துக்கு வந்து, காலிக் களத்தில் நின்றுகொண்டிருந்தாராம்.

மறுநாளே கிளினிக்குக்குப் போய்க் கடிதம் வாங்கினேன்.

வீட்டில் இப்போது சண்டை அட்டையைப் பற்றி. மருத்துவர் உறுதிசெய்தால் சமூக நல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதியலாம். கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும்; கட்டாயமில்லை. "நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?" என்கிறார் கணவர். அவர் பயம் எனக்கும் உண்டு. ஆனால், அட்டை இல்லாமலே பள்ளியில் அவனுக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்களே! அதை இங்கே எழுத முடியாது.

மகனிடம் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "பேசறதுக்கு ரூல் இருக்குன்னு மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமாம்மா? எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?" என்றான்.

மார்ச் மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்க நோட்டில் 23 கேள்வி எழுதியிருக்கிறான். கடைசிப் பக்கத்தில் பாட்டிக்கு ஒன்று: அந்தப் பக்கத்து நிரைத் தாத்தாவின் உண்மையான பேர் என்ன?

அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.